நாலு சுவர் கேட்ட பாட்டு

போன மாதம் சென்னையிலிருந்து விருத்தாசலம் போகும்போது வேப்பூருக்குச் சற்று முன்னால் ஒரு சாலையோரக் கடையில் பஸ்ஸை நிறுத்தினார்கள். டீ எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். என் வயதில் டீக்காக யார் இறங்குகிறார்கள்? நேராகக் கழிப்பறைக்குப் போனேன். உள்ளே தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை, ஆனால் கவிதை இருந்தது. கதவின் உட்புறம் யாரோ ஒரு புண்ணியவான் பால்பாயிண்ட் பேனாவால் ஆட்சியாளர்களை வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தான். அந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஆனால் நாலு அடியிலும் எதுகை சுத்தமாக விழுந்திருந்தது. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, பரவாயில்லையே, பயலுக்கு இலக்கணம் தெரிந்திருக்கிறதே என்று மனசுக்குள் பாராட்டினேன். பழைய புத்தி, எங்கே போகும்?

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் பினாயில் வாடை மூக்கை விடவில்லை. பினாயிலும் கவிதையும் ஒன்றாக வந்தால் எனக்கு ஞாபகம் வருவது ஒரே இடம்தான். விருத்தாசலத்தில் நான் முதன்முதலாகச் சம்பளம் வாங்கிய பீங்கான் கம்பெனி. பெயர் வேண்டாம். ஊரில் அப்போது எங்கே திரும்பினாலும் பீங்கான் வேலைதான். ஒரு கம்பெனியில் பொம்மை, ஒன்றில் ஊறுகாய் ஜாடி, இன்னொன்றில் கரண்டுக் கம்பத்தில் மாட்டுகிற வெள்ளைக் குமிழ். எங்கள் கம்பெனியில் கக்கூஸ் பீங்கான். எங்கே வேலை என்று யாராவது கேட்டால் “பீங்கான் கம்பெனி” என்று சொல்லி அத்தோடு நிறுத்திக்கொள்வேன். ஸ்ரீமுஷ்ணத்தில் பெண் பார்க்கப் போனபோது, மாமனார் ஆகியிருக்க வேண்டியவர் என்ன பீங்கான், என்ன பீங்கான் என்று துருவித் துருவிக் கேட்டார். உண்மையைச் சொன்னேன். கேசரி வந்தது, பெண் வரவில்லை.

நான் அங்கே ஸ்டோர் குமாஸ்தா. அதோடு கவிஞனும்கூட. சிரிக்காதீர்கள், எழுபதுகளின் தொடக்கத்தில் யார்தான் கவிஞன் இல்லை? பேச்சால் கோட்டையையே பிடித்துவிட்டார்கள், பாட்டால் நாம் ஒரு பஞ்சாயத்து போர்டையாவது பிடிக்கமாட்டோமா என்று தெருவுக்கு நாலு பேர் ஜிப்பா தைத்துக்கொண்டு அலைந்தோம். மீசை முளைப்பதற்கு முன்னால் புனைபெயர் முளைத்துவிடும். என்னுடையது தீப்பிழம்பன். பச்சைத் தண்ணீரில் குளித்தால் மூன்று நாள் தும்முகிற உடம்பு. “தீப்பிழம்பு, கஷாயத்தைக் குடிச்சுட்டுப் போடா” என்று அம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிடுவாள்.

கவியரங்கம் என்றால் என்ன என்று இப்போதுள்ள பிள்ளைகளுக்கு விளக்கித்தான் சொல்ல வேண்டும். மேடையில் வரிசையாகக் கவிஞர்கள், நடுவில் தலைமைக் கவிஞர். பொதுத்தலைப்பு ஒன்று, அதில் ஆளுக்கொரு துண்டு. தலைவர் ஒவ்வொருவரையும் பாட்டாலேயே கூப்பிடுவார். எழுந்து போகிறவன் தமிழுக்கு வணக்கம், தலைவருக்கு வணக்கம், அவைக்கு வணக்கம், மைக் செட்காரருக்கு வணக்கம் என்று எல்லாவற்றையும் பாட்டாலேயே சொல்லி முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். ஆட்சியின் மேல் உள்ள ஆத்திரம், ஏழையின் கண்ணீர், நாளைய விடியல் எல்லாம் கடைசி நாலு அடியில் அவசர அவசரமாக வரும். கூட்டம் “இன்னொரு முறை” என்று கத்தும். ஒரு தடவை நான் வறுமையை ஒழிக்க எழுந்தேன். வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டார்கள். வறுமை தப்பித்துக்கொண்டது.

எங்கள் மேனேஜருக்குத் தமிழ் என்றால் உயிர். சம்பளத்தைப் பிடித்தால்கூட நல்ல தமிழில்தான் பிடிப்பார். ஆயுதபூஜை அன்று சூளைக்குச் சந்தனம் தெளித்து, அச்சுகளுக்குப் பொட்டு வைத்து, பொரிகடலை கொடுத்து முடித்ததும், மாலையில் கம்பெனி வளாகத்திலேயே கவியரங்கம் நடத்துவார். கம்பெனித் தமிழ் மன்றத்துக்கு நான் செயலாளர். கவிஞர்களுக்கு நாற்காலி போடுவதும் சோடா உடைப்பதும் செயலாளர் வேலை.

இப்போது பிலோமினாக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சூளையில் சுடாத பச்சைப் பீங்கானை ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்குகிற பகுதியில் பெண்கள்தான் வேலை. அந்தப் பகுதிக்கே பெரியவள் மாதிரி அவள். முப்பது முப்பத்தைந்து வயசு இருக்கும். கன்னியாஸ்திரி ஸ்கூலில் எட்டாவது படித்தவள். மாதா கோயிலைச் சுற்றியுள்ள வீடுகளில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை பெண்ணை வைத்து வாழ்த்துப்பாட்டுக் கட்டுவாள். கேலியும் இருக்கும், கண்ணீரும் வரும். நாங்கள் அதையெல்லாம் கவிதையில் சேர்க்கவில்லை. அவளுக்கு ஜிப்பா இல்லையே.

அந்தப் பெண்களுக்கு ஒரு கஷ்டம் இருந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள். நாடு முழுக்க ரயிலேற்றி அனுப்புகிற அளவுக்குக் கக்கூஸ் பீங்கான் செய்கிற கம்பெனியில் பெண்களுக்குக் கக்கூஸ் கிடையாது. ஆண்கள் சுற்றுச்சுவரைப் பார்த்து நின்றுகொண்டோம். ஆபீஸ்காரர்களுக்கு ஒன்று இருந்தது, அதன் சாவி மேனேஜர் மேசையில். பெண்கள் விடிவதற்கு முன்னால் வீட்டுப் பக்கம் கருவேலங்காட்டுக்குப் போய்விட்டு வந்தால் மறுபடி இருட்டிய பிறகுதான். நடுவில் வெளியே போக கேட்டைத் தாண்டினால் அரைநாள் கூலி போச்சு. அதனால் சூளைச் சூட்டில் நின்றுகொண்டு பொட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். பானை நிறையத் தண்ணீர் இருக்கும், தொடமாட்டார்கள்.

பிலோமினாக்காவின் தங்கை செல்வமேரியும் அங்கேதான் வேலை. நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக விழுந்ததில் அவளுக்கு முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. அந்த ஆயுதபூஜைச் சமயத்தில் மறுபடி நாலு மாசம். தண்ணீர் குடிக்காவிட்டால் இதுவும் தங்காது, தாய்க்கும் ஆபத்து என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா கண்டித்துச் சொல்லியிருந்தார். வேலையை விடலாம்தான். புருஷன் லாரியிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டு கிடந்தான். விட்டால் சோறு?

பிலோமினாக்கா மேனேஜரிடம் பலமுறை கேட்டுப் பார்த்தாள். பீங்கான்கள் விற்பனைக்கு உரியவை, ஒன்றை உள்ளேயே பதித்தால் அது எந்தச் செலவுத் தலைப்பில் வரும், தலைமை அலுவலகம் கேட்டால் யார் பதில் சொல்வது என்று அவர் தூய தமிழில் விளக்கினார். என்னிடமும் வந்தாள். நான் அப்போது கவியரங்கத்துக்காக வியட்நாமைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். விருத்தாசலத்திலிருந்து குரல் கொடுத்தால் அமெரிக்கப் படை வாபஸாகிவிடும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

அந்த வருஷம் பொதுத்தலைப்பு ‘நாளைய உலகம்’. தலைமைக் கவிஞர், மேலிடத்தில் செல்வாக்குள்ள பெரிய புள்ளி. சொல்வேழம் என்று பட்டம். பட்டத்துக்கு ஏற்ற உடம்பு. வரவேண்டிய கவிஞர்களில், எங்கள் பக்கத்திலேயே இருக்கிற மங்களூர்க்காரர் அன்றைக்கே இன்னொரு ஊரிலும் ஒப்புக்கொண்டுவிட்டதால் வரவில்லை. மேடையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தால் போட்டோவில் நன்றாக இராது என்று மேனேஜர் தவித்தார். தொழிலாளர்களில் யாரையாவது உட்கார வை, பெண்ணாக இருந்தால் நல்லது என்றார். நான் பிலோமினாக்காவைப் போய்க் கேட்டேன். கையைப் பஞ்சுத் தண்ணீரில் கழுவிக்கொண்டு, “நான் பாடலாமா? என்ன வேணா பாடலாமா?” என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். நாளைய உலகம்தான் தலைப்பு, அதற்குள் என்ன வேண்டுமானாலும் என்றேன்.

எல்லோரும் முழங்கினோம். ஒருவர் ஏகாதிபத்தியத்தை மிதித்தார். ஒருவர் நிலாவில் தமிழர் குடியேற இடம் பிடித்தார். நான் வியட்நாமுக்காக அழுததில் மேனேஜரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் பிலோமினாக்கா எழுந்தாள். வணக்கமெல்லாம் சொல்லவில்லை. கல்யாண வீட்டு ராகத்தில் நேராக ஆரம்பித்தாள்.

ஊருக்கெல்லாம் பீங்கான் செஞ்சோம்
ஒக்கார எடமில்லே
தாகத்துக்குத் தண்ணி இருக்கு
குடிக்கத் தெகிரியமில்லே
விடியுமுன்னே போயி வந்தா
வெளக்கு வெச்சுத்தான்
நாலு சொவரு நீங்க தந்தா
நாங்களும் மனுசங்கதான்

பெண்கள் பக்கத்தில் எல்லோரும் செல்வமேரியைத் திரும்பிப் பார்த்தார்கள். செல்வமேரி தலையைக் குனிந்துகொண்டாள். ஆண்கள் பக்கத்தில் “இன்னொரு முறை” என்று கத்தினார்கள். பிலோமினாக்கா இன்னொரு முறை பாடினாள்.

சொல்வேழம் எழுந்தார். அவர் கண் கலங்கியிருந்தது, பொய் சொல்லக்கூடாது. பிறகு பொழிப்புரை தொடங்கினார். பீங்கான் என்பது உழைப்பின் வெண்மை. தாகம் என்பது விடுதலைத் தாகம். விடியுமுன் என்பது வரப்போகும் பொற்காலத்துக்கு முந்தைய இருள். குடிக்கத் தைரியமில்லை என்ற அடியை மட்டும் மெல்லத் தாண்டிப் போனார். அரசாங்கமே சாராயக் கடைகளைத் திறந்திருந்த சமயம், அதில் கால் வைத்தால் வழுக்கும் என்று அவருக்குத் தெரியும். நாலு சுவர் எது என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டு, கொஞ்ச நேரம் நிறுத்தி, “அறம், பொருள், இன்பம், வீடு!” என்றார். கைதட்டல் சூளைக் கூரையை அதிர வைத்தது. நானும்தான் தட்டினேன். அடடா, நமக்குத் தோன்றவில்லையே என்று பொறாமையாகக்கூட இருந்தது.

பிலோமினாக்கா மைக் பக்கம் மறுபடி வந்தாள்.

“அப்படிப் பெருசா ஒண்ணுமில்லீங்க ஐயா. நான் கேட்டது கக்கூஸுங்க.”

கூட்டம் சிரித்தது. சொல்வேழம் இன்னும் உருகிப்போனார். எவ்வளவு பெரிய தத்துவத்தைச் சொல்லிவிட்டு எவ்வளவு அடக்கமாகப் பேசுகிறாள் பாருங்கள் என்று சொல்லி, எளிமைக்குயில் என்று அங்கேயே பட்டம் கொடுத்தார். இந்தக் கவிதையைப் பீங்கானிலேயே பொறித்துச் சுவர் எழுப்புங்கள், நானே வந்து திறக்கிறேன் என்று அறிவித்துவிட்டுப் போய்விட்டார்.

கக்கூஸுக்குத் தலைப்பு இல்லாத கம்பெனியில் கவிதைச் சுவருக்கு மறுநாளே தலைப்பு கிடைத்தது. பாட்டைச் செம்மைப்படுத்த ஒரு குழு. அதில் நானும் உண்டு. ‘ஒக்கார எடமில்லே’ என்பதை ‘அமர்ந்திட இடமில்லை’ என்று திருத்தினோம். பீங்கான் தமிழ்ச் சொல்தானா என்று இரண்டு சாயங்காலம் சண்டை போட்டோம், பீங்கான் கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு. வெள்ளைப் பலகையில் நீல எழுத்து. முதல் பலகை சூளையில் விரிசல் விட்டது, இரண்டாவது தேறியது. சுவரின் உயரம் என்ன என்பது அடுத்த விவாதம். கவிதைக்கு மேலே சொல்வேழத்தின் பெயர் பதித்த கல் இருக்கவேண்டும், அதற்கு மேலே உதயசூரியன், அது இது என்று கட்சிச் சின்னம் வராமல் பொதுவாக ஒரு குத்துவிளக்கு இருக்கவேண்டும் என்று மேனேஜர் ஏற்றிக்கொண்டே போனார். கடைசியில் ஆளை மறைக்கிற உயரத்துக்குச் சுவர் வந்துவிட்டது. ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று கேட்டுக்குப் பக்கத்து மூலையில், சுற்றுச்சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கட்டினார்கள்.

திறப்பு விழாவில் நான் பிலோமினாக்காவைத் தேடினேன். எல்லோரும் சுவரின் முன்பக்கம் நின்று கவிதையைப் படித்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் பின்பக்கம் நின்று சுவரையும் மூலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னக்கா என்று கேட்டேன்.

“நாலு கேட்டோம். மூலையில ஏற்கெனவே ரெண்டு இருக்குது தம்பி. இப்ப இது ஒண்ணு.”

சொல்லிவிட்டுப் பொரி வாங்கப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலையில் நாங்கள் வேலைக்குப் போனபோது நாலாவது பக்கத்தில் சாக்குப்படுதா தொங்கிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெண்களெல்லாம் வந்து குழி தோண்டியிருக்கிறார்கள். கழித்துப் போட்ட குவியலிலிருந்து விளிம்பு உடைந்த பீங்கான் ஒன்றை எடுத்துப் பதித்திருக்கிறார்கள். வாட்ச்மேன் என்ன செய்தார் என்று கேட்டால், அவர் பெண்டாட்டியும் துடைக்கிற பகுதியில்தான் வேலை. அவர்தான் மண்வெட்டி கொடுத்தது.

மேனேஜர் குதித்தார். கவிதைக்குப் பின்னால் இப்படி ஓர் அவமானமா, தமிழுக்கே இழுக்கு, படுதாவைப் பிடுங்கு என்றார். பிடுங்க யாரும் போகவில்லை. அவரே போனார். பிலோமினாக்கா வழியில் நின்றாள். சத்தம் போடவில்லை.

“புடுங்குங்க சார். ஆனா பொம்பளைங்க போறத நிறுத்தமாட்டாங்க. ஐயா பேரு போட்ட சொவத்துக்குப் பின்னாடி வெட்டவெளியில உக்காந்திருப்பாங்க. யாராவது போட்டோ புடிச்சா அசிங்கம் எங்களுக்கா, ஐயாவுக்கா?”

மேனேஜர் சுவரை இடிக்கலாமா என்று யோசித்திருக்கவேண்டும். கல்லில் இருந்த பெயரை அண்ணாந்து பார்த்தார். அந்தப் பெயரில் கடப்பாரை வைக்க அந்தக் காலத்தில் எவனுக்குத் துணிச்சல் உண்டு? அந்த மாதமே நாலாவது சுவர் வந்தது. கதவு வந்தது, கூரை வந்தது, தண்ணீர்க் குழாய் வந்தது. எல்லாச் செலவும் ‘கவிதைச் சுவர் பாதுகாப்பு’ என்ற தலைப்பில் எழுதப்பட்டது. தலைமை அலுவலகம் அப்படியே ஒப்புக்கொண்டது. தமிழுக்குச் செய்வதை யார் மறுப்பார்கள்?

கதவு போட்ட அன்று மத்தியானம் செல்வமேரி பானையிலிருந்து ஒரு பெரிய செம்பு நிறைய மொண்டு, நின்ற இடத்திலேயே மடக் மடக்கென்று குடித்தாள். தண்ணீர் கழுத்தில் வழிந்தது. மற்ற பெண்கள் வேலையை விட்டுவிட்டு அவள் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஸ்டோர் நோட்டைத் தூக்கி அழுத முகத்தை மறைத்துக்கொண்டேன். வியட்நாமுக்காக நான் அழுததெல்லாம் தொண்டைக்கு மேலே நின்ற அழுகை, இது அப்படியில்லை. பங்குனியில் அவளுக்குப் பெண் பிறந்தது. நல்ல வெயிட்டு என்று பிலோமினாக்கா கம்பெனி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அதற்குப் பிறகு பெண்கள் அந்த இடத்தைக் கவிதை என்றே சொல்ல ஆரம்பித்தார்கள். “கவிதைக்குப் போயிட்டு வரேன், இதைப் பாத்துக்க” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். முதலில் எனக்குச் சுருக்கென்றது. பிறகு பழகிவிட்டது. எங்கள் கவிதைகளுக்கு யார் போய்விட்டு வந்தார்கள்?

இரண்டு வருஷம் கழித்துச் சொல்வேழம் அந்தப் பக்கமாகப் போனவர் சுவரைப் பார்க்க இறங்கிவிட்டார். மேனேஜருக்கு வேர்த்துக் கொட்டியது. வாடை தெரியாமலிருக்கச் சுவரைச் சுற்றிச் சாம்பிராணி போடச் சொன்னார். புகைக்கு நடுவே சொல்வேழம் நின்று கவிதையைப் படித்தார். பெண்கள் ஒவ்வொருவராகச் சுவருக்குப் பின்னால் போய்விட்டு நிம்மதியான முகத்தோடு வருவதையும் கவனித்தார். கவிதைக்குச் சாம்பிராணி காட்டி வலம் வருகிற ஊரை என் வாழ்நாளில் இங்கேதான் கண்டேன் என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். நாங்கள் யாரும் மறுக்கவில்லை.

அடுத்த கவியரங்கத்துக்கு எளிமைக்குயில் கட்டாயம் பாடவேண்டும் என்று மேனேஜரே வந்து கேட்டார். பிலோமினாக்கா மாட்டேன் என்றுவிட்டாள். ஏனக்கா, இவ்வளவு பேர் கேட்கிறார்களே என்றேன். “இப்ப என்ன கொறை இருக்குது? வந்தா பாடறேன்” என்றாள். நான் மட்டும் நிறுத்தவில்லை. வருஷா வருஷம் உலகத்தை விடியவைத்துக்கொண்டே இருந்தேன். நெருக்கடிநிலை வந்தபோது மட்டும் ஜலதோஷம் என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டேன். அது பொய்யும் இல்லை.

எல்லாம் போய்விட்டது. கவியரங்கம் போய்விட்டது, “இன்னொரு முறை” என்று கத்துகிற கூட்டம் போய்விட்டது, தீப்பிழம்பனும் ஓய்வூதியம் வாங்குகிற கிழவனாகிவிட்டான். சொல்வேழத்தின் பெயரில் எங்கோ ஒரு தெரு இருக்கிறதாம். மேனேஜர் இல்லை. பிலோமினாக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். கம்பெனியை மூடி எத்தனையோ வருஷமாகிறது.

அன்றைக்கு விருத்தாசலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கால் தானாக அந்தப் பக்கம் போனது. இடத்தை மனை போட்டு விற்றிருக்கிறார்கள். சூளை இல்லை, சுற்றுச்சுவர் இல்லை, மூலை எது என்றே தெரியவில்லை. பெரிய கல்யாண மண்டபம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. சித்தாள் பெண்கள் செங்கல் சுமந்துகொண்டிருந்தார்கள். மணல் குவியலுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் ஒரு பழைய புடவையை ஆளுக்கொரு முனையாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பியபடி நின்றார்கள். எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. புடவைக்குப் பின்னாலிருந்து மூன்றாவது ஒருத்தி எழுந்து, துணியைச் சரிசெய்துகொண்டு வந்து ஒரு முனையை வாங்கிக்கொண்டாள். பிடித்துக்கொண்டிருந்தவள் பின்னால் போனாள்.

நான் சட்டென்று திரும்பி நின்றுகொண்டேன். மேஸ்திரி வந்து, “யாரு வேணும் பெரியவரே?” என்று கேட்டார்.

யாருமில்லை, இங்கே முன்பு ஒரு சுவர் இருந்தது என்றேன்.

“அதெல்லாம் இடிச்சாச்சுங்களே” என்றார்.